சார்பா, தாங்குபொதியா?

பொருள்: கையேடு, மூன்றாம் பாடம் – ‘சார்பு’ வேண்டாம் என்கிறேன்

தோழர்களுக்கு வணக்கம்.

கையேடு வியாழக்கிழமை இரவு அச்சுக்குப் போகிறது. வியாசர்பாடி படிப்பகத்துக்கு நாற்பது படி, அவ்வளவுதான். என் கடையிலேயே ஓட்டிவிடுகிறேன், காகிதச் செலவை மட்டும் பகிர்ந்துகொள்ளலாம். மெய்ப்புப் பார்த்துக்கொண்டே வந்தவள் மூன்றாம் பாடத்தில் நின்றுவிட்டேன். ‘மென்பொருளைத் தேடுவதும் நிறுவுவதும்’ என்ற பாடம். அதில் டிபெண்டன்சிக்கு, அதாவது ஒரு மென்பொருள் ஓடுவதற்கு வேண்டிய மற்ற மென்பொருள்களுக்கு, ‘சார்பு’ என்ற சொல் பதினேழு இடத்தில் வருகிறது. பதினேழையும் மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு நடந்தது இது. வகுப்பில் பத்தாவது படிக்கிற பெண் ஒருத்தி, அண்ணனுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவாள். அதில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தது நாம்தான். (மின்ட் என்று அழைக்கிற தங்கசாலையில் கடை வைத்திருக்கிறவள் மின்ட் ஏற்றாமல் வேறு என்ன ஏற்றுவாள் என்று அப்போது ஒருவர் கேட்டார். அது நாணயசாலை, இது புதினா. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியும் அவர் விடவில்லை.) அவர்கள் தெருவில் நடந்த கேரம் போட்டியைப் போனில் எடுத்து வைத்திருக்கிறாள். அதை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, சிவப்புக் காய் குழிக்குள் விழுகிற இடத்தை மட்டும் மெதுவாக ஓட்ட வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

வகுப்புக்கு வருவதற்கு முன்னாலேயே வீட்டில் ஒரு வேலை பார்த்திருந்தாள். பிரவுசரில் வீடியோ எடிட்டர் என்று தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து டெப் கோப்பு ஒன்றை, அதாவது மென்பொருளைக் கட்டிவைத்த பொதியை இறக்கி, கட்டளை அடிக்கிற முனையத்தைத் திறந்து, பொதியைப் பிரித்து நிறுவுகிற டிபிகேஜி கட்டளையைக் கொடுத்திருக்கிறாள். கட்டளையை நம் இரண்டாம் பாடத்திலிருந்து எடுத்தாளாம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். பொதி பிரிந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. லிப்சி6 என்ற நிரலகம் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்கிற நிரல் தொகுப்பு) இன்னும் புதிய பதிப்பாக வேண்டும், வேறு இரண்டு நிரலகங்கள் கணினியில் இல்லவே இல்லை, அதனால் அமைக்காமல் விட்டுவிடுகிறேன் என்று வரிவரியாகக் கொட்டிவிட்டு ஓய்ந்திருந்தது. அந்தப் பொதி வேறொரு புதிய வெளியீட்டுக்காகக் கட்டியது. அவள் கணினியில் அது எந்நாளும் உட்காராது.

இதற்குக் கையேட்டில் விடை இருக்கிறதே என்று வரைவை எடுத்துக் கையில் கொடுத்தேன். நாம் எழுதியிருந்தது: ‘ஒரு பொதி இயங்க அதன் சார்புகள் நிறைவேற்றப்பட்டிருக்க வேண்டும்.’ ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

“அக்கா, சார்புன்னா கணக்குல முதல் பாடமாச்சே. உறவுகளும் சார்புகளும். அது இங்க எதுக்கு வருது?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் முந்திக்கொண்டான். “அது இல்ல. யார் சார்புலன்னு கேக்குது. வட்டக் கிளையின் சார்பாக!” போஸ்டர் படிக்கிற குரல் வேறு. வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவள் நான். வாரத்துக்குப் பத்து முறையாவது ‘சார்பாக’ என்று தட்டச்சு செய்கிறேன். இந்த இடி எனக்கு முன்னாலேயே விழுந்திருக்க வேண்டும்.

சிரித்து முடித்தபின் யோசித்தேன். அந்தப் பெண் சொன்னது விளையாட்டு இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்தப் பெயரில்தான் இருக்கிறது. நாளைக்கு அவள் நிரல் எழுதப் பழகும்போது அங்கேயும் கணக்கின் சார்பு, அதாவது ஃபங்ஷன், வந்து நிற்கும். ஒரே மேசையில் இரண்டு சார்பு.

சரி, சொல்லை விடுங்கள், பொருளுக்கு வருவோம். அவளுக்காக வீடியோ வெட்டக் கேடென்லைவ் என்ற மென்பொருளை, பொதிகளைச் சேர்த்து வைத்திருக்கிற இணையக் கிடங்கிலிருந்து நிறுவினோம். கேடென்லைவ் எழுதியவர்கள் வீடியோவை வெட்டுகிற எந்திரத்தைத் தாங்களே எழுதவில்லை, அது எம்எல்டி. போனில் எடுத்த கோப்பைப் பிரித்துப் படிக்கிற வேலை எஃப்எஃப்எம்பெக்குடையது. திரையில் தெரிகிற பொத்தானும் பட்டியும் கியூட்டியும் கேடிஈ நிரலகங்களும் வரைவது. மின்ட்டுக்கு மூலமான டெபியன் லினக்ஸின் வழியில் இதெல்லாம் தனித்தனிப் பொதி. ஒரு பிரதி இருந்தால் போதும், கேட்கிற மென்பொருள் எல்லாம் அதையே பயன்படுத்திக்கொள்ளும். டிபிகேஜி நாம் கையில் கொடுத்த பொதியை மட்டும் பிரிக்கும். வேண்டியது இல்லை என்றால் இல்லை என்று சொல்லும், தேடிக்கொண்டு போகாது. 1993-இல் தொடங்கிய டெபியனுக்கு 1999-இல் 2.1 வெளியீட்டோடு ஆப்ட் என்ற கருவி வந்தபிறகுதான், வேண்டியதைத் தானே கணக்குப் பார்த்துக் கிடங்கிலிருந்து கொண்டுவருகிற வசதி கிடைத்தது. டெபியன் 12-இன் கிடங்கில் 64,000-க்கு மேற்பட்ட பொதிகள் இருக்கின்றன. எது எதன்மேல் நிற்கிறது என்று ஆள் உட்கார்ந்து பார்த்து முடிக்கிற காரியமா அது?

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கேடென்லைவ் என்று அவளையே அடிக்கச் சொன்னேன். புதிதாக வரப்போகும் பொதிகளின் பெயர் திரை முழுக்க நிரம்பி, மேலே ஏறி மறைந்தது. ஆமாவா இல்லையா என்று கேட்டு நின்றது. அவள் விரல் எண்டர் விசைக்கு மேலேயே நின்றுவிட்டது.

“நான் கேட்டது ஒண்ணு. இத்தனை எதுக்குக்கா?”

“நீ கேட்டது ஒண்ணுதான். அது மேல நிக்கணும்னா இத்தனை பேரு கீழ நிக்கணும்.”

“தாங்கிப் பிடிக்கவா?”

நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். என் முன்மொழிவு அதிலிருந்து பிறந்ததுதான்: தாங்குபொதி.

இலக்கணத்துக்கு வருகிறேன். பெரம்பூர் ஐயா கோபிப்பார், தெரியும். சார்பெழுத்து என்று நாம் எதைச் சொல்கிறோம்? தானாக நிற்க முடியாமல் இன்னொன்றைச் சார்ந்து வருகிற எழுத்தை. குற்றியலுகரம், குற்றியலிகரம், ஆய்தம் என்று தொல்காப்பியம் மூன்றைச் சொல்லும். அவை எதைச் சார்ந்து வருகின்றனவோ அவை முதலெழுத்து. அதாவது சாய்கிறவனுக்குத்தான் சார்பு என்று பெயர், தூணுக்கு இல்லை. நம் கையேட்டில் தலைகீழாக இருக்கிறது. கேடென்லைவ் சாய்கிறது, எம்எல்டி தாங்குகிறது. நாமோ எம்எல்டியைக் கேடென்லைவின் சார்பு என்கிறோம். மாணவர்கள் குழம்பாமல் வேறு என்ன செய்வார்கள்?

வேறு சொற்களையும் பார்த்தேன், சும்மா இல்லை. ‘துணைப்பொதி’தான் முதலில் வாயில் வந்தது. துணைக்கு ஆள் வேண்டும் என்பது நல்ல தமிழ். ஆனால் அலுவலகத் தமிழ் துணையை ஒரு படி கீழே இறக்கிவிட்டது: துணை ஆட்சியர், துணைவேந்தர். போதாததற்குத் துணைநிரல் என்ற சொல்லை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டோம். ‘முன்தேவை’ தெளிவான சொல், ஆனால் 4 ஜிபி ராம் வேண்டும், 20 ஜிபி இடம் வேண்டும் என்பதும் முன்தேவைதானே. அதோடு இந்தப் பொதிகள் நிறுவுவதற்கு முன் மட்டும் தேவைப்படுபவை அல்ல, மென்பொருள் ஓடுகிற ஒவ்வொரு நொடியும் தேவை. ஈழத்து நண்பர்கள் ‘அதில் தங்கியுள்ளது’ என்று எழுதுவார்கள், அழகான வழக்கு. ஆனால் நம்மூரில் தங்குபொதி என்றால் திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை எடுத்த பொதி போல இருக்கும். ‘முட்டு’ என்று ஒருவர் சொன்னார். கான்கிரீட் தளம் போடும்போது சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுக்கிறார்களே, அது. பொருள் கச்சிதம். ஆனால் இன்றைக்கு இணையத்தில் முட்டுக் கொடுப்பது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். சார்பாகவிலிருந்து ஓடிவந்து மறுபடி கட்சி ஆபீசுக்குள்ளேயே நுழைந்த கதையாகிவிடும்.

தாங்குபொதி என்பது வினைத்தொகை. தாங்கிய பொதி, தாங்குகின்ற பொதி, தாங்கும் பொதி, மூன்று காலமும் அதற்குள் அடக்கம். நிறுவியபோதும் தாங்கியது, இப்போதும் தாங்குகிறது, நாளை புதுப்பிக்கும்போதும் தாங்க வேண்டும். வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. தயவுசெய்து யாரும் ‘தாங்குப்பொதி’ என்று திருத்தி அனுப்பாதீர்கள். மறுபக்கம், இன்னொன்றின்மேல் சாய்கிற பொதிக்குச் ‘சார்பொதி’. சார்பு என்ற சொல்லைத் தூக்கி எறியவில்லை, உரியவனிடம் திருப்பிக் கொடுக்கிறேன். கேடென்லைவின் தாங்குபொதி எம்எல்டி, எம்எல்டியின் சார்பொதி கேடென்லைவ். எந்தப் பக்கம் பார்த்தாலும் குழப்பம் இல்லை.

கையேட்டு வரிகளில் போட்டுப் பார்த்தேன். ‘இந்தப் பொதிக்கு வேண்டிய தாங்குபொதிகள் கிடங்கில் கிடைக்கவில்லை.’ வருகிறது. ‘இந்தத் தாங்குபொதியின்மேல் இப்போது எதுவும் சாய்ந்திருக்கவில்லை, நீக்கிவிடலாம்.’ ஆட்டோரிமூவ் கட்டளை செய்வது அச்சு அசலாக இதைத்தான். டெபியன் பொதிக்குள் இருக்கிற விவரத்தாளில் கட்டாயம் வேண்டியது, பரிந்துரைப்பது, இருந்தால் நல்லது என்று மூன்று தரம் உண்டு. கட்டாயத் தாங்குபொதி, பரிந்துரைப்பொதி, விருப்பப்பொதி என்று பிரித்துக்கொள்ளலாம். பின்னிரண்டும் எதையும் தாங்குவதில்லை, அதனால் அவற்றுக்கு அந்தப் பட்டம் கிடையாது.

தாங்குபொதிகளையும் தன்னோடு கட்டிக்கொண்டு வருகிற ஸ்னாப், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ் வகைப் பொதிகள் பற்றிய பத்தியையும் இதோடு சேர்த்துத் திருத்தியிருக்கிறேன். ‘தன்னிறைவுப் பொதி’ என்று இருந்ததைப் படித்தால் ஐந்தாண்டுத் திட்டம் ஞாபகம் வருகிறது. அது கட்டுச்சோறு, அவ்வளவுதான். போகிற இடத்தில் சோறு கிடைக்குமோ கிடைக்காதோ என்று வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு கிளம்புவது. ஆப்இமேஜ் கிட்டத்தட்ட முழுக் கட்டுச்சோறு. ஃபிளாட்பேக் சோற்றை மட்டும் பல பேருக்குப் பொதுவாக வடித்து வைத்துக்கொண்டு, குழம்பை அவரவர் தூக்கில் கொண்டுவருகிறது. ஸ்னாப்பும் அடித்தளத்தைப் பொதுவாக வைத்துக்கொள்ளும். வசதிதான், ஆனால் வட்டில் இடம் பிடிக்கும். 500 ஜிபி வட்டில் பாதியை அண்ணனின் படங்கள் அடைத்துக்கொண்டிருக்கிற லேப்டாப்பில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கட்டுச்சோறு என்பதை விளக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்வோம், கலைச்சொல்லாக்க வேண்டாம்.

தாங்குவது என்ற வினையை நான் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 மார்ச் 29 நினைவிருக்கிறதா? எக்ஸ்இசட் என்ற சின்னஞ்சிறு சுருக்குக் கருவி. அதன் நிரலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்துவிட்டார்கள் என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அறிவித்த நாள். தொலைவிலிருந்து சர்வருக்குள் போக உதவுகிற எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்தவர் அவர். எஸ்எஸ்ஹெச் எழுதியவர்களுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. டெபியன் போன்றவை, கணினியின் சேவைகளை எழுப்பி நடத்துகிற சிஸ்டம்டியோடு பேசுவதற்காக அதில் ஒரு ஒட்டுப் போட்டன, சிஸ்டம்டியின் நிரலகம் எக்ஸ்இசட்டின் நிரலகத்தைக் கூட அழைத்து வந்தது. உலகத்துச் சர்வர்களின் வாசற்கதவு போய் நின்றது, பல ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரே ஒரு தன்னார்வலர் பார்த்துக்கொண்டிருந்த பொதியின்மேல். அவருக்கு உதவுவதாக வந்து இரண்டு ஆண்டுக்குமேல் நம்பிக்கை சம்பாதித்த ஆள்தான் கதவு வைத்தது.

இதைச் ‘சார்பு’ என்று சொன்னால் எக்ஸ்இசட் ஏதோ எஸ்எஸ்ஹெச்சின் வால் மாதிரி கேட்கிறது. தாங்குபொதி என்று சொன்னால் பாரம் யார் தலையில் என்று தெரிகிறது. வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? ஊர் முழுக்க விளக்கு எரிய எண்ணூர் சாம்பல் வாங்குகிறது, ஊர்க் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது. வரைபடத்தில் நாம் ஓரத்தில் இருப்போம்.

‘களஞ்சியம்’ பற்றி இந்த இழையில் ஆரம்பிக்காதீர்கள். நிரல் எழுதுகிறவர்கள் நிரலைச் சேர்த்து வைக்கிற கிட் களஞ்சியமும் அதுவே, பொதிக் களஞ்சியமும் அதுவே என்று மாணவர்கள் குழம்புவதால் பொதிகளுக்குக் ‘கிடங்கு’ என்று மாற்றியிருக்கிறேன். கோடவுன் என்று ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பிய சொல்லை நாம் வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்கிறோம். சரக்கறை என்ற பொருளில் ‘கொட்டாரம்’ என்று போன மாதம் ஒருவர் சொன்னார். நம்மூர் ரயில் சரக்கு நிலையம் சால்ட் கொட்டார்ஸில் இன்றும் அந்தச் சொல் உப்பு மூட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எனக்கும் ஆசைதான். ஆனால் குமரிப் பக்கம் போனால் அது ஊர்ப் பெயர், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் அரண்மனை.

மறுப்பு இருந்தால் புதன் இரவுக்குள் சொல்லுங்கள்.

– வண்ணாரப்பேட்டையிலிருந்து

பதில்: கையேடு, மூன்றாம் பாடம்

அம்மா, வணக்கம். நான் கோபிக்கவில்லை, ஆனால் விடவும் போவதில்லை.

சார்பெழுத்தை வைத்து நீங்கள் கட்டிய வாதம் அரைக்கிணறு. குறள் 359-ஐ எடுத்துப் பாருங்கள். ‘சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்’. அங்கே முதலில் வருகிற சார்பு எது? எல்லாப் பொருளுக்கும் சார்பாக இருக்கிற மெய்ப்பொருள் என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. அதாவது தாங்குவது. உங்கள் கணக்கில் தூண். ஆகவே தூணைச் சார்பு என்பது தமிழுக்கு விரோதம் இல்லை. வள்ளுவருக்குச் சரியானது நம் கையேட்டுக்குச் சரிப்படாதா?

இரண்டாவது, இதுதான் முக்கியம். இணையத்தில் தமிழில் லினக்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் சார்பு, சார்புநிலை என்றே எழுதிவருகிறார்கள். நம்மிடம் தாங்குபொதி என்று படித்த பிள்ளை வெளியே போய் வேறொரு கட்டுரையைத் திறந்தால் சார்புநிலை என்று இருக்கும். இரண்டும் ஒன்று என்று அதற்கு யார் சொல்வது? நூறு பேர் நடந்த தடத்தை விட்டுவிட்டு நாற்பது படிக்காகப் புதுப்பாதை வெட்ட வேண்டுமா? நான் பள்ளியில் இருந்தவரை ஒரே பொருளுக்கு மூன்று பாடநூலில் மூன்று சொல் பார்த்து அலுத்தவன். ஒரு சொல் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் எல்லோரும் அதையே சொன்னால் அது நேராகிவிடும்.

கணக்குப் பாடத்தோடு மோதுகிறது என்கிறீர்கள். ‘படி’ எத்தனை பொருளில் வருகிறது? நாற்பது படி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நான் அரிசி அளக்கவில்லை.

கட்டுச்சோறு எனக்குப் பிடித்திருந்தது. அதை எடுத்துவிடாதீர்கள்.

– பெரம்பூரிலிருந்து

பதில்: கையேடு, மூன்றாம் பாடம்

அக்கா, ஐயா, ரெண்டு பேருக்கும் வணக்கம். எனக்கு இலக்கணம் வராது, வேலையில் தினமும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

தாங்குபொதி நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் பொதி இருக்காதே. நிரல்மொழிகளுக்கும் இப்படி நிறுவுகிற கருவிகள் உண்டு, பைத்தானில் பிப், ஜாவாஸ்கிரிப்டில் என்பிஎம், அங்கேயும் இதே கதைதான். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற வெறும் பதினோரு வரி நிரலை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார், ஆயிரக்கணக்கான திட்டங்கள் கட்ட முடியாமல் நின்றன. அதைப் பொதி என்று சொல்லலாம், சரி. ஆனால் சிஸ்டம்டியில் ஒரு சேவை, வலையமைப்பு எழுந்தபிறகுதான் எழ வேண்டும் என்று இருக்கும். அங்கே தாங்குவது பொதி இல்லை, இன்னொரு சேவை. அதற்கு இன்னொரு சொல் தேடுவோமா?

அதனால் பொதுவாகத் ‘தாங்கல்’ என்று வைத்துவிடலாமே. சின்னதாகவும் இருக்கிறது. தாங்கல் பட்டியல், தாங்கல் மரம், தாங்கல் பிழை. எழுதிப் பார்த்தேன், ஓடுகிறது.

அப்புறம் அக்கா, சம்பந்தமில்லாத ஒன்று. வகுப்பில் மென்பொருள் மேலாளரைத் திறந்து ‘வீடியோ’ என்று தமிழில் தேடினால் ஒன்றும் வருவதில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பிரவுசருக்கு ஓடி, கண்ட தளத்திலிருந்து டெப் இறக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மென்பொருளின் பெயர், ஒரு வரி அறிமுகம், தேடுசொற்கள் எல்லாம் டெஸ்க்டாப் கோப்பிலும் ஆப்ஸ்ட்ரீம் விவரக்கோப்பிலும் மொழிவாரியாக எழுத இடம் இருக்கிறது. கேடென்லைவுக்கு ‘வீடியோ, வெட்டு, ஒட்டு, படத்தொகுப்பு’ என்று தமிழில் நாலு சொல் எழுதி அனுப்பினால் போதும். நிறுவுவதற்குச் சொல் தேடுகிறோம், கண்டுபிடிப்பதற்கு வழியைக் காணோம்.

– எண்ணூரிலிருந்து

பதில்: கையேடு, மூன்றாம் பாடம்

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி. கடை அடைத்தபிறகு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, அந்தக் குறளை நீங்கள் எடுப்பீர்கள் என்று நினைக்கவில்லை, எடுத்ததில் மகிழ்ச்சி. ஆனால் அடுத்த சொல்லையும் பாருங்கள். ‘சார்பு கெட’ என்கிறாரே, அந்தச் சார்பு பற்று. முதலாவதை உணர வேண்டும், இரண்டாவதைக் கெடுக்க வேண்டும். ஒரே அடியில் ஒரே சொல், பிடித்துக்கொள்ள வேண்டியதும் விட்டுவிட வேண்டியதுமாக நிற்கிறது. வள்ளுவர் அதை வேண்டுமென்றே செய்தார், படிக்கிறவர் நின்று யோசிக்கட்டும் என்று. நம் கையேட்டைப் படிக்கிற பெண் நின்று யோசித்தால் அவள் நெட் போய்விடும். சொல்லுக்கு இரண்டு பக்கமும் பொருள் உண்டு என்பதற்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள், எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

‘படி’ விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். நாற்பது பிரதி.

உங்கள் இரண்டாவது வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வெளியே சார்புநிலை என்றுதான் இருக்கிறது, பிள்ளைகள் வெளியே போகத்தான் போகிறார்கள். அதனால் மூன்றாம் பாடத்தின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘இதைச் சார்பு, சார்புநிலை என்றும் எழுதுவார்கள்; முனையத்தில் டிபெண்டன்சி என்று வரும்.’ மூன்றையும் அடையாளம் தெரிந்துகொள்ளட்டும். எதை வாயில் வைத்துக்கொள்வது என்று அவர்களே முடிவு செய்வார்கள், நாம் கேட்டா முடிவு செய்யப்போகிறார்கள்? ஆனால் எல்லோரும் சொன்னால் கோணல் நேராகிவிடும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோணலாக அச்சடித்த ஃபிளெக்ஸை நான் எத்தனை தெருவில் கட்டியும் அது நேராகிப் பார்த்ததில்லை.

தம்பி, ‘தாங்கல்’ வேண்டாம். திருவொற்றியூரில் போய்த் தாங்கல் எங்கே என்று கேட்டால் பஸ் நம்பர் சொல்வார்கள். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று ஊரைச் சுற்றி எத்தனை இருக்கிறது, எல்லாம் ஏரி இருந்த இடம். அது போக, வகுப்பில் ‘தாங்கல் பிழை’ என்றால் யாருக்கோ யார்மேலோ மனத்தாங்கல் என்று அந்தப் பையன் ஆரம்பித்துவிடுவான். அவனைச் சமாளிக்க என்னால் ஆகாது.

ஆனால் நீ காட்டிய ஓட்டை உண்மையான ஓட்டை. அதை வினைத்தொகையே அடைத்துவிடும் என்று தோன்றுகிறது. ‘தாங்கு’ நிற்கட்டும், பின்னால் வருவதை மட்டும் மாற்றிக்கொள்வோம். டெபியனில் தாங்குபொதி. நிரல் எழுதும்போது தாங்குநிரலகம். சிஸ்டம்டியில் தாங்குசேவை. ஒரு சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டுவதைவிட இது நல்லது என்பேன், தாங்குவது எது என்று சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டுமென்றால் வெறுமனே ‘தாங்குவன’. தாங்குவன பட்டியல். எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்.

தமிழில் தேடினால் கிடைக்கவில்லை என்றாயே, அது சம்பந்தமில்லாதது இல்லை, முதல் பாடமே அதுதான். அடுத்த ஞாயிறு வகுப்பையே அதற்கு வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தாங்கள் பயன்படுத்துகிற ஒரு மென்பொருளை எடுத்து, அதைப் பக்கத்து வீட்டு அத்தை எப்படித் தேடுவார் என்று தேடுசொல் எழுதட்டும். எப்படி அனுப்புவது என்று நீ வந்து காட்டு. தேநீர் என் செலவு.

இன்று மாலை திருத்திய பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன், ஒன்றும் விளக்காமல். தாங்குபொதி என்ற இடத்தில் நிற்காமல் படித்துக்கொண்டே போனாள். பிறகு லேப்டாப்பைத் திறந்து, படம் திருத்துகிற கிம்ப் மென்பொருளை நிறுவக் கட்டளை கொடுத்தாள். பட்டியல் வந்தது. இந்த முறை இத்தனை எதுக்கு என்று கேட்கவில்லை. கடைசி வரியில் எத்தனை எம்பி இறக்க வேண்டும் என்று இருக்கிறதே, அங்கே விரலை வைத்தாள்.

“அக்கா, கிம்ப் கம்மிதான் போல. தாங்குபொதிதான் நெட்டைத் தின்னுது. உங்க கடைல வந்து இறக்கிக்கவா?”

வரச் சொல்லியிருக்கிறேன். பக்கங்கள் தயார், வியாழன் எட்டு மணிக்கு எந்திரத்தில் ஏற்றுகிறேன்.

– வண்ணாரப்பேட்டையிலிருந்து